வேலியில் தானாக ஏறிய கொடி: வெள்ளரியா, முலாமா? பிடுங்குவதா, விடுவதா?

வேலிப்பூ எழுதியது:

தோட்டத்தின் பின்வேலியில் யாரும் விதைக்காத கொடி ஒன்று படர்ந்து காய்த்தும்விட்டது. இலை வெள்ளரி இலையை ஒத்திருக்கிறது, ஆனால் சிறியது. பூ மஞ்சள். காய் கோழிமுட்டையைவிடச் சிறிது. கரும்பச்சை, அதில் வெளிர்கோடுகள். வேலிக்கு இந்தப் பக்கம் வெள்ளரியும் முலாமும் போட்டிருக்கிறேன். இரண்டும் பழைய ரகங்கள். இரண்டிலும் விதை எடுத்து வைக்க வேண்டும்.

முன்பு விழுந்த வெள்ளரி விதை முளைத்து இப்படிக் காட்டுத்தனமாகிவிட்டதா? அடுத்தது, இந்தப் பருவத்தில் என் வெள்ளரியில் சில காய்கள் கசக்கின்றன. வேலிக்கொடியின் மகரந்தம் பட்டுத்தான் கசந்தது என்று அனுபவமுள்ள ஒருவர் அடித்துச் சொல்கிறார். அப்படி நடக்குமா? நடக்குமென்றால் இன்றைக்கே பிடுங்கிவிடுகிறேன்.

முள்முருங்கை எழுதியது:

நடக்கிறதோ இல்லையோ, பிடுங்குங்கள். விதைக்காதது வளர்ந்தால் களை. அதன் குலம் கோத்திரம் விசாரிக்க வேண்டியதில்லை. பயிர் இல்லாத காலத்தில் பூசணி வண்டும் அசுவினியும் இந்தக் கொடிகளில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நாம் விதைத்து இரண்டு இலை விட்டதும் இறங்கி வருகின்றன. வெள்ளரித் தேமல் நச்சுயிரியை வெள்ளரியில்தான் 1916-இல் முதலில் விவரித்தார்கள். இன்றைக்கு அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்களில் தங்குவது தெரிந்திருக்கிறது. நோயுற்ற கொடியில் அசுவினி சில நொடி குத்திப் பார்த்தாலே போதும், அடுத்த செடிக்கு நச்சுயிரியை எடுத்துப் போய்விடும். வேலியை அழகு பார்ப்பவர் பார்க்கட்டும், விளைச்சல் வேண்டுகிறவர் பார்க்க வேண்டாம்.

நுண்ணோக்கி எழுதியது:

பிடுங்குவதற்கு முன் இன்னதென்று பார்த்துவிடலாமே. பிடுங்கிய பிறகு நீங்கள் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்காது.

இலையையும் மஞ்சள் பூவையும் மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வெள்ளரிக் குடும்பத்தில் ஏறத்தாழ 1000 இனங்கள் இருக்கின்றன, அவற்றில் பலவும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். முதலில் பற்றுக்கம்பியைப் பாருங்கள். கிளை பிரியாமல் ஒற்றை நூலாகச் சுருண்டிருந்தால் பெரும்பாலும் குக்குமிஸ் பேரினம். வெள்ளரியும் முலாமும் அதில்தான் வருகின்றன. இரண்டு மூன்றாகப் பிரிந்திருந்தால் தர்பூசணி, பீர்க்கு, பூசணிப் பக்கம் தேட வேண்டும்.

பிறகு பெண்பூவுக்குக் கீழே இருக்கும் பிஞ்சு. எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம் அதுதான். வெள்ளரிப் பிஞ்சில் சின்னச் சின்ன மேடுகளும் அவற்றின் உச்சியில் முள்ளும் இருக்கும். முலாம் இனத்தில் முள் கிடையாது, மென்மையான முடிதான். அந்த முடியிலும் வேறுபாடு உண்டு: குட்டையாகத் தோலோடு படிந்திருந்தால் அக்ரெஸ்டிஸ் துணையினம், நீண்டு விரிந்து நின்றால் மெலோ துணையினம். கைக்கண்ணாடி ஒன்று இருந்தால் போதும்.

இலையையும் ஒதுக்கிவிட வேண்டாம். வெள்ளரி இலை கோணம் கோணமாக, நுனி கூராக, தொட்டால் அரம்போலச் சொரசொரக்கும். முலாம் இலை வட்டத்துக்கு நெருக்கமானது. தர்பூசணி, பேய்க்குமட்டி இலைகள் நடுநரம்பை நோக்கி ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். பூ வெள்ளையாகி இதழ் விளிம்பு நூல் நூலாகப் பிரிந்திருந்தால் புடல் சாதி; அதை இந்த இழையிலேயே பேச வேண்டாம்.

வேலிப்பூ எழுதியது:

பார்த்துவிட்டேன். பற்றுக்கம்பி எல்லாம் ஒற்றை. பிஞ்சில் முள் இல்லை. குட்டையான முடி, வருடினால் ஒரு பக்கமாகப் படிகிறது. இலை ஏறத்தாழ வட்டம், ஓரம் மட்டும் லேசாக மடிந்து மடிந்து போகிறது. ஒரு பிஞ்சைக் கீறி நாக்கில் வைத்துப் பார்த்தேன். அப்பப்பா! தண்ணீர் குடித்தும் கசப்பு போகவில்லை.

சாரல் எழுதியது:

அம்மா தாயே, பெயர் தெரியாத வெள்ளரிக் குடும்பத்துக் காயை நாக்கில் வைக்கும் பழக்கத்தை விடுங்கள்! துப்பிவிட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அந்தக் கசப்பின் பெயர் குகுர்பிட்டேசின். அதில் பல வகைகள் உண்டு. வெள்ளரியில் இருப்பது பெரும்பாலும் சி வகை. செடி தன்னைத் தின்ன வருவதை விரட்ட இதைச் சேர்த்து வைக்கிறது. கொதிக்கவைத்தாலும் அது சிதையாது என்பதால் சமைத்தால் சரியாகிவிடும் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2015-இல் ஜெர்மனியில் சொந்தத் தோட்டத்தில் விளைந்த கசப்பான சுக்கினிக் காயைச் சமைத்துச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தார். சுக்கினி காட்டுச் செடி அல்ல, பயிர்தான். பயிரிலேயே இப்படியென்றால் பேய்க்குமட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதன் சதை குடலைப் புண்ணாக்கி இரத்தப்போக்குடன் கழிச்சலை உண்டாக்கும்.

பெயரை நம்பியும் வாயில் வைக்க வேண்டாம். மிதுக்கு, சுக்காங்காய், தும்மட்டி என்ற பெயர்கள் இடத்துக்கு இடம் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகின்றன. தும்மட்டி என்று சிலர் காட்டுவது முலாமின் காட்டு உறவு. சிலர் காட்டுவது பேய்க்குமட்டியையே.

முள்முருங்கை எழுதியது:

கசப்பு விரட்டுகிறது என்கிறீர்கள். பூசணி வண்டு அந்தக் கசப்பைத் தேடித்தானே வருகிறது? வேலியில் கசப்புக்கொடியை வைத்துக்கொண்டு வண்டைக் கூப்பிடுகிறீர்கள்.

சாரல் எழுதியது:

அதுவும் உண்மை. ஆடு மாட்டையும் பெரும்பாலான பூச்சிகளையும் விரட்டும் அதே பொருள் இந்த வண்டுக் கூட்டத்துக்கு மட்டும் பசியைத் தூண்டுகிறது. அமெரிக்காவின் டயாப்ரொட்டிகா வண்டுகளும் ஆசியாவின் ஆலக்கோஃபோரா வண்டுகளும் அப்படிப்பட்டவை. சில வண்டுகள் அதைத் தின்று உடம்பிலேயே சேர்த்துவைத்துக்கொள்வதால் அவற்றைப் பிடிக்கும் எதிரிக்குக் கசக்கும். ஆனால் வண்டு உங்கள் வெள்ளரி இலைக்கும் வரத்தான் செய்யும். வெள்ளரி இலையிலும் அதே கசப்பு இருக்கிறது. கொடியை எடுத்துவிட்டால் வண்டு வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நுண்ணோக்கி எழுதியது:

வேலிப்பூ, நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது வெள்ளரி அல்ல. முலாமின் காட்டு வடிவம், அக்ரெஸ்டிஸ் பக்கம். உங்கள் இரண்டு பயிரையும் இனித் தனித்தனியாகப் பேச வேண்டும்.

வெள்ளரிக்கு வேலிக்கொடியால் எந்தக் கலப்பும் நேராது. வெள்ளரியின் குரோமோசோம் எண்ணிக்கை 14, முலாமுக்கு 24. ஒரே பேரினம், ஆனாலும் இரண்டும் சேர்ந்து விதை தருவதில்லை. தோட்டத்தில் வெள்ளரியையும் முலாமையும் பக்கத்தில் பக்கத்தில் போடக்கூடாது, சுவை கெடும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். ஆதாரமே இல்லாமல் இத்தனை காலம் ஓடும் பேச்சு இது. வெள்ளரியோடு கலக்கும் அயலினம் ஒன்று உண்டு: சீனத்தின் யுன்னானில் காணப்படும் குக்குமிஸ் ஹிஸ்ட்ரிக்ஸ். அதற்கும் 24 குரோமோசோம்தான். அந்தக் கலப்புக் கருவை ஆய்வகத்தில் வளர்த்தெடுத்து, குரோமோசோமை இரட்டித்து, 38 உள்ள புதிய இனத்தையே 2000-ஆம் ஆண்டு விவரித்தார்கள். அவ்வளவு பாடுபட்டு நடந்த காரியம் உங்கள் வேலியில் தேனீயால் நடக்காது.

கலப்பே நடந்திருந்தாலும் இந்த ஆண்டுக் காய் கசக்காது. நாம் தின்னும் சதை தாய்ச் செடியின் திசு. தந்தையின் பங்கு விதைக்குள் இருக்கும் கருவில்தான். அந்த விதையை நட்டு வளரும் செடியின் காயில்தான் வேறுபாடு தெரியும்.

கருவிளை எழுதியது:

அப்படியானால் என் வெள்ளரியும் ஏன் கசக்கிறது? எனக்கு வேலியும் இல்லை, காட்டுக்கொடியும் இல்லை.

நுண்ணோக்கி எழுதியது:

வெயிலும் தண்ணீரும்தான் காரணம். பழைய ரகங்கள் பலவற்றில் கசப்பை உண்டாக்கும் மரபணு முழுதாக இருக்கிறது, காயில் மட்டும் அடங்கிக் கிடக்கிறது. இலையில் கசப்பை இயக்கும் மரபணு வேறு, காயில் இயக்குவது வேறு என்று 2014-இல் சீன ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். வெள்ளரியைப் பயிராக்கியபோது மனிதர்கள் தேர்ந்தெடுத்தது காயில் அந்த இயக்கம் தணிந்த செடிகளைத்தான். கடும் வெயில், நீர் தட்டுப்பாடு, திடீர்க் குளிர் வந்தால் அடங்கிக் கிடந்தது மறுபடி எழும். காம்புப் பக்கமும் தோலுக்கு அடியிலும் கூடுதலாகக் கசக்கும். தவறாமல் நீர் விடுங்கள், மண்ணுக்கு மூடாக்குப் போடுங்கள். அடுத்தடுத்த காய்களில் குறையும்.

ஏர்முனை எழுதியது:

எனக்கு இதில் உடன்பாடில்லை. எருக்குழியில் முளைக்கும் வெள்ளரியும் முலாமும் இரண்டு மூன்று தலைமுறையில் சிறுத்து, கசந்து, காட்டுச்செடியாகிவிடுகின்றன. கண்ணால் கண்டிருக்கிறேன். காட்டுக்கொடி என்பதே நாம் கைவிட்ட பயிர்தான்.

நுண்ணோக்கி எழுதியது:

எருக்குழியில் நீங்கள் கண்டது உண்மையாகவே இருக்கலாம், முடிவுதான் நிற்கவில்லை. கடையில் வாங்கும் காய் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். அதன் விதையில் முளைப்பவை பாட்டன் பாட்டிக் குணங்களாகப் பிரிந்துபோகும். ஒன்று சிறுக்கும், ஒன்று கசக்கும். அது காட்டுக்குத் திரும்புவது ஆகாது.

காட்டுச் செடிகள் பயிருக்கு முன்பே இருந்தவை. வெள்ளரியின் காட்டு வடிவம் இமயமலை அடிவாரத்தில் இன்றும் வளர்கிறது. 1835-இல் குக்குமிஸ் ஹார்ட்விக்கி என்று பெயரிட்டார்கள். விரல் நீளக் காய், நெஞ்சு எரியும் கசப்பு. பகல் குறையும் காலத்தில்தான் பூக்கும். நம் வெள்ளரி முதல் காய் முற்றத் தொடங்கியதும் அடுத்த காய்களை நிறுத்திவிடும், அதனால்தான் அடிக்கடி பறிக்கச் சொல்கிறோம். அந்தக் காட்டுக்கொடிக்கு அப்படி நிறுத்தும் வழக்கமே இல்லை. கிளை விட்டு, கிளைக்கு ஒன்றாகக் காய்த்துக்கொண்டே போகும். பயிரோடு தங்குதடையின்றிக் கலக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே இனம்.

முலாம் கதை இன்னும் நீளம். ஆப்பிரிக்காவில்தான் பிறந்தது என்று நெடுநாள் எழுதிவந்தார்கள். 2010-இல் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது வெள்ளரி, முலாம் இரண்டின் நெருங்கிய உறவுகளும் ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பது தெரிந்தது. முலாமின் உடன்பிறப்பு ஆஸ்திரேலியாவின் குக்குமிஸ் பிக்ரோகார்பஸ். 2018-இல் வந்த ஆய்வு, முலாம் பயிரானது ஒரு முறை அல்ல, ஆசியாவில் ஒரு முறையும் ஆப்பிரிக்காவில் ஒரு முறையும் என்று காட்டியது.

ஏர்முனை எழுதியது:

சரி, வெள்ளரிக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயிர் காட்டுக்குப் போவதே இல்லை என்று நீங்கள் சொல்ல முடியுமா? அமெரிக்காவின் வயல்களில் களையாக ஓடும் சின்ன முலாம் எங்கிருந்து போனது? அங்கே அதற்குக் காட்டு உறவு எதுவும் இல்லையே.

நுண்ணோக்கி எழுதியது:

அதற்கு நான் எதிர்வாதம் செய்யமாட்டேன். நல்ல எடுத்துக்காட்டு. டெக்ஸஸ், லூசியானா, கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு எங்கும் மணக்கும் சிறு முலாம் களையாக இருக்கிறது. மனிதர்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். வேறு சிலவும் அப்படிப் போயிருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் குக்குமிஸ் மிரியோகார்பஸ் ஆஸ்திரேலியாவில் மேய்ச்சல் நிலங்களில் பரவிக் கால்நடைகளுக்கு நஞ்சாகிறது. வட அமெரிக்காவின் முள்வெள்ளரிகள் ஐரோப்பிய ஆற்றங்கரைகளை மூடுகின்றன. ஆனால் வெள்ளரிப் பயிர் மட்டும் அப்படி எங்கும் நிலைத்து நின்று நான் படித்ததில்லை. முளைக்கும், காய்க்கும், அடுத்த ஆண்டு காணாமல் போகும்.

தர்பூசணியிலும் இதே குழப்பம் இருந்தது. 1773-இல் கேப் டவுன் அருகே எடுத்த மாதிரிக்குத்தான் தர்பூசணியின் அறிவியல் பெயரை வைத்தார்கள். அந்த மாதிரி தர்பூசணியே அல்ல, வேறோர் இனம் என்று பின்னால்தான் தெரியவந்தது. 2021-இல் மிக நெருங்கிய உறவாகச் சூடானின் கோர்டோஃபான் முலாம் அடையாளம் காணப்பட்டது. சதை வெளிர்நிறம், கசப்பில்லை. லிபியாவில் கிடைத்த ஏறத்தாழ 6000 ஆண்டுப் பழைய விதைகளின் மரபணுவோ கசந்த வெளிர்சதையைக் காட்டுகிறது. ஆகவே அவர்கள் பழத்தைவிட விதைக்காகத்தான் எடுத்திருப்பார்கள் என்கிறார்கள். இனிப்பைத் தேடித்தான் எல்லாம் தொடங்கியது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கருவிளை எழுதியது:

யாரும் விதைக்கவில்லை என்றால் வேலிக்கு எப்படி வந்தது? கசந்த காயை எது தின்னும்?

சாரல் எழுதியது:

பிஞ்சு கசக்கும், பழுத்தால் பல காட்டு முலாம்களில் கசப்பு இறங்கிவிடும். விதை முற்றும்வரை காவல், முற்றியபின் அழைப்பு! பழம் காம்பை விட்டுத் தானாகக் கழன்று விழும், மணக்கும். எலியோ நரியோ ஆடோ மாடோ தின்று விதையை எருவோடு எங்கோ விட்டுப்போகும். வெள்ளப்பெருக்கில் அடித்து வருவதும் உண்டு.

இந்தக் குடும்பத்துக்கு விதை பரப்பும் வித்தையில் ஈடு கிடையாது. ஆப்பிரிக்காவின் குக்குமிஸ் ஹ்யூமிஃப்ரக்டஸ் பூவை மண்ணுக்கு மேலே விட்டுக் காயை மண்ணுக்குள் முற்றவைக்கிறது. ஆர்ட்வார்க் என்ற விலங்கு தோண்டித் தின்று, தன் வளைக்குப் பக்கத்தில் சாணத்தோடு விதையைப் புதைக்கிறது. மத்தியதரைக்கடல் ஓரத்து எக்பாலியம் யாரையும் நம்புவதில்லை. காம்பு கழன்றதும் பீய்ச்சி அடிக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் விதை பறந்து 10 மீட்டர் வரை போவதை 2024-இல் அளந்தார்கள். வெடிப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னால் காயிலிருந்து கொஞ்சம் நீரைக் காம்புக்கு ஏற்றி, காம்பை விறைப்பாக்கி, குறி பார்க்கும் கோணத்தையும் அதுவே சரிசெய்துகொள்கிறது. எனக்கு இதைப் படித்த நாளிலிருந்து அந்தச் செடியை நேரில் பார்க்க ஆசை. சரி, இழையை விட்டு விலகிவிட்டேன்.

முள்முருங்கை எழுதியது:

ஆர்ட்வார்க்கும் அறிவியலும் நன்றாக இருக்கின்றன. அந்த அம்மையார் முலாம் விதை எடுக்கப் போகிறார். வேலியில் இருப்பதும் முலாம். இரண்டும் கலக்குமா கலக்காதா? நேராகச் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி எழுதியது:

கலக்கும். நன்றாகவே கலக்கும். ஒரே இனம், இரண்டுக்கும் 24. இந்த ஆண்டுப் பழத்துக்கு ஒன்றும் ஆகாது. எடுத்துவைக்கும் விதையில்தான் சிக்கல். முலாமில் கசப்பு பெரும்பாலும் ஓங்கு பண்பாகவே வரும். கசக்காத இரண்டு முலாம்களைக் கலந்தால்கூடக் கசந்த பிள்ளை பிறப்பது உண்டு.

முள்முருங்கை எழுதியது:

அப்படியானால் நான் முதல் பதிவில் சொன்னதுதான் தீர்ப்பு.

விதைப்பெட்டி எழுதியது:

வேலியில் இருப்பதைப் பிடுங்கினால் மட்டும் போதாதே. தேனீ வேலியோடு நிற்பதில்லை. விதை உற்பத்தியில் முலாமுக்கும் முலாமுக்கும் இடையே அரை கிலோமீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர்வரை இடைவெளி கேட்கிறார்கள். சுற்றிலும் அந்தத் தூரத்துக்கு எத்தனை காட்டுக்கொடி இருக்கிறது என்று யார் கண்டது? பிடுங்கினாலும் பிடுங்காவிட்டாலும் பூவைக் கட்டிக் கைமகரந்தம் செய்தால்தான் விதை சுத்தம். அதைச் செய்துவிட்டால் வேலிக்கொடி இருப்பதும் இல்லாததும் விதைக்கு ஒன்றே.

இன்னொன்றும் சொல்கிறேன். கலிபோர்னியாவில் 1920-களில் சாம்பல் நோய் முலாம் வயல்களை வாரிக்கொண்டு போனது. தாங்கும் குணம் இந்தியாவிலிருந்து வந்த முலாம் விதையில்தான் கிடைத்தது. அதைச் சேர்த்து 1936-இல் பி.எம்.ஆர். 45 என்ற ரகத்தை வெளியிட்டார்கள். 1938-இலேயே நோய் புதிய வடிவம் எடுத்து அதையும் தாக்கியது; மறுபடி இந்திய விதைகளுக்குத்தான் திரும்பினார்கள். இன்றைய ரகங்களிடம் இல்லாத குணம் ஓரங்களில் வளரும் செடிகளிடம் இருக்கிறது.

முள்முருங்கை எழுதியது:

அந்த விதைகள் விதை வங்கியின் குளிரறையில் இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஒரு வீட்டு வேலியில் இருக்கும் ஒரு கொடி உலகத்தைக் காப்பாற்றப் போவதில்லை.

விதைப்பெட்டி எழுதியது:

உலகத்தைக் காப்பாற்றாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குளிரறை விதை வைத்த இடத்தில் நின்றுவிடுகிறது. வேலியில் இருப்பது ஒவ்வோர் ஆண்டும் புது நோயையும் புது வெயிலையும் சந்தித்துப் பிழைத்தவற்றின் பிள்ளை. இரண்டும் வேண்டும். நோய்க்குறி தெரிந்தால் இரக்கம் பார்க்காமல் வேரோடு எடுங்கள். அதில் நான் உங்கள் பக்கம். இலையில் தேமல், நுனி சுருங்கல், மஞ்சள் நரம்பு இவற்றைப் பாருங்கள்.

வேலிப்பூ எழுதியது:

இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். தேமல் இல்லை. அடியில் சில வண்டுகள் இருந்தன, கையால் எடுத்துவிட்டேன். இரண்டு காய்கள் மஞ்சளாகித் தாமாக விழுந்துவிட்டன, நல்ல மணம். சாரல் அஞ்ச வேண்டாம், வாயில் வைக்கவில்லை. விதையை உலர்த்தி உறையில் போட்டுவைத்தேன். கொடியை இப்போதைக்கு விடுகிறேன். தேமல் தெரிந்தால் முருங்கை ஐயா சொன்னபடி செய்வேன்.

விதைப்பெட்டி, கைமகரந்தம் எப்படி என்று சொல்லுங்கள். வெள்ளரிக்குச் செய்திருக்கிறேன். முலாமில் பிஞ்சோடு இருக்கும் பூவுக்குள்ளும் மகரந்தத்தூள் தெரிகிறதே?

விதைப்பெட்டி எழுதியது:

சரியாகக் கவனித்தீர்கள். பயிர் முலாம் ரகங்கள் பலவற்றில் பிஞ்சுள்ள பூ இருபால் பூ. காட்டு முலாமில் பெண்பூ பெண்பூவாகவே இருக்கும். முடிந்தால் வேலியில் ஒரு பூவைப் பிரித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாலையில் செய்யுங்கள். மறுநாள் விரியப்போகும் மொட்டின் நுனியில் மஞ்சள் எட்டிப்பார்க்கும். பிஞ்சுள்ள மொட்டை மெல்லத் திறந்து, மகரந்தப்பைகளைக் கூர் இடுக்கியால் எடுத்துவிட்டு, இதழை மூடி நூலால் கட்டுங்கள். சூல்முடியில் இடுக்கி படக்கூடாது. அதே ரகத்தின் வேறு செடியில் ஆண் மொட்டுகளையும் திறக்காதபடி கட்டிவையுங்கள். காலையில் வெயில் ஏறும் முன் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, சூல்முடியின் எல்லா மடல்களிலும் தடவி, பூவை மறுபடி கட்டிக் காம்பில் அடையாள நூல் போடுங்கள். முலாம் அடம்பிடிக்கும், பாதிக்கு மேல் பிஞ்சிலேயே உதிரும். அதனால் செடியில் வேறு காய் பிடிப்பதற்குள் முதல் பூக்களிலேயே தொடங்குங்கள்; ஏற்கெனவே பிடித்த பிஞ்சு இருந்தால் கிள்ளிவிடுங்கள்.

வேலிப்பூ எழுதியது:

மழை வந்தால்?

விதைப்பெட்டி எழுதியது:

கட்டிய பூவின் மேல் காகித உறை. மகரந்தம் நனைந்துவிட்டால் அந்தப் பூவை விட்டுவிட்டு அடுத்த மொட்டுக்குப் போங்கள்.